தனியாகக் கேட்ட சிரிப்பு

நூலகத்தில் மேடை நாடகங்களைப் படம்பிடித்த டிவிடிகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஒரே நாடகத்துக்கு நாலு பதிவு இருந்தால் எதைப் பார்க்கலாம் என்று சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. தையல்கடைப் பெரியவர் ஒரு பழைய நாடகத்தைக் கேட்டு வந்தபோது, எந்தப் பதிவு என்று அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டுடியோவில் எடுத்த புதியதைக் கையில் திணித்து அனுப்பினாள். அரங்கத்தில் எடுத்த பழையதில் ஒரே இருமலும் சிரிப்பும் என்று, அதைப் போன வாரம்தான் குப்பைக்கு அனுப்பியிருந்தாள்.

மறுநாளே அவர் திரும்பி வந்தார்.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. ஆனா எனக்கு அந்தப் பழசுதான் வேணும். எல்லாரும் சிரிச்சு ஓஞ்சப்புறம் ஒரு பொம்பள மட்டும் தனியா சிரிப்பா பாருங்க, அது என் வீட்டுக்காரி. அவ போனப்புறம் அவ குரல் அதுல மட்டும்தான் இருக்கு."

அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் எரிச்சலாகித்தான் பதிவையே தூக்கிப் போட்டாள்.

"அதை யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க ஐயா," என்றாள், மேசையைப் பார்த்தபடி.

பெரியவரின் முகம் மலர்ந்தது.

"அப்படியா? அவசரமில்லம்மா. அவங்களும் கேக்கட்டும்."