மூன்று வருடத்துப் பளபளப்பு

இரும்பு கடையும் அந்த லேத்தை வீட்டுக்குள் இறக்கிய அன்று தெருவே ஒரு விரற்கடை தாழ்ந்துபோனது. தூக்கியவர்கள் எட்டுப் பேர்; அதில் மூன்று பேர் அப்புறம் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மூடிப்போன ஒரு பட்டறையில் கிடந்து கிடந்து, தன்னில் எது இரும்பு எது துரு என்பதே அந்த லேத்துக்கு மறந்துபோயிருந்தது. வாங்கியவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அதுவரை தன் வாழ்க்கையில் அவர் கழற்றி மாட்டிய ஒரே சாதனம் மூக்குக்கண்ணாடி.

லேத் உட்கார்ந்தது கீழ்த்தளத்தில் இருந்த ஒரே அறையில். அதனால் கட்டில் மாடிக்குப் போனது. அவர் மனைவிக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. பதினாறு படியை அவள் ஏறி முடிப்பதற்குள் ஒரு பருவம் மாறிவிடும். முதல் வருடம் திட்டினாள். இரண்டாம் வருடம் திட்டுவதே அலுத்துப்போயிற்று. மூன்றாம் வருடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து பார்க்கட்டும். முழ நீளக் கம்பி ஒன்றை முனைக்கு முனை ஒரே தடிமனில் கடைந்து காட்டினால் லேத் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் லேத் வெளியே, கட்டில் உள்ளே.

போஸ்ட்மாஸ்டர் ஒத்துக்கொண்டார். வாதாட உடம்பில் தெம்பில்லை. மூன்று வருடமாக லேத்தைக் கழற்றி மாட்டித் துரு தேய்த்ததில், மண்ணெண்ணெயில் ஊறி ஊறிக் கைரேகை அழிந்துவிட்டது. இடுப்பு நிமிர மறுத்து நெடுநாளாகிறது.

அண்ணன்காரர் முப்பத்தைந்து வருடம் லேத் முன்னால் நின்ற டர்னர். மயிரிழையை எட்டாகப் பிளந்து எட்டுக்கும் தனித்தனியாகத் தடிமன் சொல்லுவார் என்று பேச்சு. ஞாயிறு காலை வந்தவர், டீயைக்கூட ஓரமாக வைத்துவிட்டு அறைக்குள் போனார். லேத் மின்னியது. அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். போஸ்ட்மாஸ்டர் செய்தும் இருக்கிறார்.

போஸ்ட்மாஸ்டர் கம்பியின் ஒரு முனையைச் சக்கு என்ற கவ்வியில் பூட்டி மோட்டாரைப் போட்டதும் லேத் மெல்ல உறுமியது. இரும்புச் சுருள் நூல் நூலாக உதிர்ந்தது. டர்னர் கம்பியை எடுத்து மைக்ரோமீட்டரில் ஒரு முனையை அளந்தார், மறுமுனையை அளந்தார், திரும்பவும் அளந்தார். சக்கில் பிடித்திருந்த பக்கம் தடிமனாக இருந்தது. கூடுதல் மயிரிழை அளவுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கம்பி காரட் மாதிரி ஆகிவிட்டது என்றே தோன்றும்.

குனிந்து, வெட்டுகிற டூல் நகர்ந்து போகும் தண்டவாளத்தை விரலால் தடவினார்.

"மாப்ள, இது மேல பிறை பிறையா கோடு இருந்திருக்குமே. எங்க அது?"

"அந்தக் கீறலா? அதெல்லாம் போறதுக்கே எட்டு மாசம் உப்புத்தாள் போட்டேன் மச்சான்," என்றார் போஸ்ட்மாஸ்டர் பெருமையாக.

டர்னர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவை கீறல் இல்லை, எண்ணெய் தங்குவதற்காக எவனோ ஒருத்தன் கையாலேயே சுரண்டி வைத்த குழிகள் என்று விளக்கினார். போஸ்ட்மாஸ்டர் இதே ஸ்டூலில் உட்கார்ந்து கை எட்டிய சக்குப் பக்கத்தை அதிகமாகத் தேய்த்ததில், அந்த இடம் பள்ளமாகி, அங்கே வரும்போது டூல் விலகிக் கம்பியைக் குறைவாக வெட்டியிருக்கிறது. துருவே இதைவிட மரியாதையாக நடந்துகொண்டிருக்கும் என்றும் சொன்னார். சரிசெய்ய முடியாதா என்று கேட்டதற்கு, முடியும், ஆனால் அதற்கு இன்னொரு முதுகு வேண்டும் என்றார்.

மாடிப் படியில் சத்தம் கேட்டது. ஒரு கால். இடைவெளி. மறு கால்.

டர்னர் குரலைத் தாழ்த்தினார். "சரியா இருக்குன்னு சொல்லிடறேன். தங்கச்சிக்கு மைக்ரோமீட்டர் பாக்கத் தெரியுமா என்ன?"

போஸ்ட்மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், இன்னும் பத்து வருடம் இந்த அறையில் ஓடிவிடும். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் பாதிப் படிகூட இறங்கியிருக்கவில்லை. மூன்று வருடமாக அது தேய்க்கிற சத்தத்திலேயே அடங்கிப்போயிருந்தது. இன்றுதான் முழுசாகக் கேட்கிறார். முடிகிற வழியாக இல்லை.

அவள் வாசலில் வந்து நின்றதும், மச்சான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தடிமன் ஒண்ணா இல்ல. நான்தான் தேச்சுக் கெடுத்துட்டேன்."

இந்த நாளுக்கென்று மூன்று வருட வசவை அவள் சேர்த்து வைத்திருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு, அண்ணன் எழுந்து கொடுத்த ஸ்டூலில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். போஸ்ட்மாஸ்டர் ஸ்பானரை எடுத்தார். எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே கழற்றத் தொடங்கினார்.

"இன்னைக்கே என்ன அவசரம்? ஒரு நாள் ஏறினா செத்துட மாட்டேன்."

"நாளைக்குன்னா மனசு மாறிடும்."

டர்னர் சட்டையைக் கழற்றிவிட்டு லேத்தின் மறுபக்கம் போய் நின்றார். அவள் கையை நீட்டினாள். முதல் நட்டைத் துடைத்துவிட்டு அவள் கையில் வைத்தார் போஸ்ட்மாஸ்டர்.