ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னவர்

என்னோடு ரோந்து ஜீப் ஓட்டுபவருக்கு ஸ்டேஷனில் கிளட்ச் என்று பெயர். மேட்டில் வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயத்தில் கிளட்சிலிருந்து காலையே எடுக்க மாட்டார். எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஏன் என்று கேட்பவர்கள் என்னோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது என் வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். சைரன் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது கிளட்ச் அண்ணன். வழியெல்லாம் என்னைவிட அவர்தான் அதிகமாக அலறினார். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் நான் காட்டிக் கொடுத்தேன்.

அதற்கு முந்தைய நாள் வாகனச் சோதனையில் பார்சல் கொண்டுபோகிற ஒருவனை நிறுத்தினோம். லைசென்ஸை என்னிடம் நீட்டிவிட்டு, நேரமாகிறது என்று அண்ணனிடம் எகிறினான். நான் குனிந்து லைசென்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். தடாலென்று சத்தம். நிமிர்ந்தால், அவன் நடைபாதை ஓரத்தில் மணிக்கட்டு உடைந்து கிடக்கிறான். "என்னை அடிக்கக் கை ஓங்கினான், தள்ளிட்டேன்," என்றார் அண்ணன். அதை அவர் மனதார நம்பினார். அதற்கப்புறம்தான் என் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவின் பட்டனை அமுக்கினேன்.

எதிர்க்கடையில் யாரோ எடுத்த வீடியோ செய்தியில் ஓடியது. ஒரு கை மேலே போகிறது, ஆள் விழுகிறான், அவ்வளவுதான். ஒரு சேனல் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டது. இன்னொன்று, போலீஸ் மேலேயே கை வைப்பதா என்று குதித்தது. இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல்.

"கை தெரியுதுல்ல, போதும். போலீஸைத் தாக்கினதா அவன் மேல கேஸ் போட்ரலாம். உன் கேமரா அப்புறம்தானே ஓடுச்சு?"

"ஆமா சார்," என்றேன்.

சார்ஜ் போடும் அறையில் கேமராவைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பட்டனை அமுக்குவதற்கு முந்தைய அரை நிமிடத்தையும் அது ஒலியில்லாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு அது, பாதிப் பேர் தூங்கிவிட்டோம். போட்டுப் பார்த்தேன். நான் லைசென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கேமரா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவன் கை அண்ணன் பக்கம் போகவேயில்லை. தன் தாடைக்குக் கீழே போய், ஹெல்மெட் வாரின் கிளிப்பைத் தடவுகிறது. படத்தில் ஒலி இல்லாவிட்டால் என்ன, எனக்குத்தான் காது இருந்ததே. "முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டுய்யா!" என்று அண்ணன் கத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பிரிவுக்கு அதை அனுப்பினேன். இனி யாராலும் அழிக்க முடியாது என்று உறுதியான பிறகுதான் வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் அவனுடைய அம்மா, மடியில் அந்த ஹெல்மெட்டோடு, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஜீப்புக்குப் போனேன். அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவன் கை ஓங்கலை. நீங்க சொன்னீங்கன்னு ஹெல்மெட்டைக் கழட்டப் போனான். என் கேமராவுல இருக்கு. அனுப்பிட்டேன்."

துணி அப்படியே நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பட்டாசு."

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க. நீங்க சொன்னா என்னால தட்ட முடியாதுண்ணே. அதான் கேக்கலை."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். பட்டாசாம், பட்டாசு! நனைந்து நமுத்துப் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை மெதுவாகத் தூக்கித் தன் தாடைக்குக் கீழே கொண்டுபோனார், இல்லாத கிளிப்பை விரலால் தேடினார். இன்னொரு முறையும் செய்து பார்த்தார்.

"நான்தானே கழட்டச் சொன்னேன்," என்றார்.

பிறகு ஜீப் சாவியை என் கையில் திணித்துவிட்டு ஸ்டேஷனுக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். இன்ஸ்பெக்டர் அறைக்கு நேராகப் போவார் என்று நினைத்தேன். பெஞ்சருகே நின்றுவிட்டார். இவர் யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"ஐயா, என் பையன் போலீசை அடிச்சான்னு டிவியில சொல்றாங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க."

"அடிக்கலைம்மா. ஹெல்மெட்டைக் கழட்டுன்னு நான்தான் சொன்னேன். கழட்டப் போனான். நான் தப்பா நெனச்சுத் தள்ளிட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள், ஹெல்மெட்டைத் தூக்கி எறிவாள் என்று நான் குறுக்கே போகத் தயாராக இருந்தேன். அவள் அதை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இதை உள்ள போய் அவங்ககிட்ட சொல்லு," என்றாள்.

"அதுக்குத்தாம்மா போறேன்," என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் தட்டினார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நான் சாவியோடு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.