ஒரு சொல் குறைந்த ஜெபம்

முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். என் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளிகூடத் தவறிப் போனதில்லை. எங்கள் ஆலயத்தில் முதல் வரிசை எங்கள் குடும்பத்துக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். நாங்கள் எழுந்தால்தான் பின்வரிசைகள் எழும்.

அந்தக் குடும்பத்துப் பெண், என் ஒரே தங்கை, பதினொரு ஆண்டுகளுக்கு முன் பஸ் மெக்கானிக் ஒருவரைத் தானாகவே தேடிக் கல்யாணம் செய்துகொண்டாள். மெக்கானிக் வேலை இழிவானதல்ல என்பது எனக்கும் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. மனந்திரும்பினால் வா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சென்ற மாதம் அவளும் கணவரும் எங்கள் பக்கமே குடிவந்தார்கள். மூன்று ஞாயிறாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் கழுத்து ஒன்றும் ஒடிந்துவிடாது என்று என் மனைவி சொன்னாள். நான் திரும்பவில்லை. அவள்தான் முன்னால் வர வேண்டும்.

எங்கள் ஆலயத்தில் ஜெப விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். போதகர் பெயர் சொல்லாமல் வாசிப்பார். நான்காவது ஞாயிறு நானும் ஒரு சீட்டு எழுதினேன். என் தங்கை மனந்திரும்ப ஜெபிக்கவும் என்று. உண்மையைச் சொல்வதானால் அது ஜெபமே அல்ல. சபை நடுவே அவள் தலை குனிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஆசைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி ஆலயத்துக்கு அனுப்பினேன்.

போதகர் வாசித்தார்: “என் தங்கை திரும்ப ஜெபிக்கவும்.” கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, பிரிந்துபோன ஒரு தங்கைக்காக அண்ணன் ஒருவர் ஏங்குகிறார், அவள் வீடு திரும்ப எல்லோரும் கேட்போம் என்றார்.

‘மனம்’ விட்டுப்போயிருந்தது. என் கையால், என் பேனாவால்.

திருத்துவதற்காகச் சட்டென்று எழுந்தேன். நான் எழுந்ததும் வழக்கப்படி சபை மொத்தமும் எழுந்துவிட்டது. போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். வாயைத் திறந்தபடி நின்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டாள். அச்சுக் கோப்பவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு, கை பிழை செய்யாது, மனசு எங்கேயோ இருந்தால்தான் கை அங்கே போகும் என்று. என் மனசு எங்கே இருந்தது என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, பதினொரு ஆண்டுகளில் முதல்முறையாக அவளுக்காக ஜெபித்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவள் வாசலில் நின்றாள். சிறுமியாக இருந்தபோது, நான் வீட்டில் பிழை திருத்தும்போதெல்லாம் மூலப்பிரதியை எனக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். நான் எதை எப்படி எழுதுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

“அண்ணா, சீட்டுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, இல்ல?”

“என்ன வார்த்தை?”

“அன்னிக்குக் கதவைச் சாத்தும்போது சொன்னீங்களே, அதுதான்.”

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னையே பார்த்தாள். ஒரு பிழையையும் திருத்தாமல் விடாதவன் என்ற பெயர் என் முன்னால் நின்றது.

“எதுவும் விட்டுப்போகல,” என்றேன். “படிச்சது சரிதான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்னைக் கேட்காமல் போனதற்கு ஒரு வார்த்தை வரும் என்று அப்போதும் உள்ளே ஒரு மூலை எதிர்பார்த்தது, பொய் சொல்வானேன். வரவில்லை. வராமலே என் கால் வெளிவாசல் பக்கம் நகர்ந்தது. அங்கே அவள் கணவர், வருவதா போவதா என்று தெரியாமல் ஒதுங்கி நின்றிருந்தார்.

“மாப்பிள்ளை, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?” என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. “வீட்டுக்கு வாங்க.”

ரெண்டு பேருக்குத்தான் சமைத்திருக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, என் மனைவி எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.