வாய்தா கேட்ட சேவல்

பொம்மிடிப் பக்கத்து மிக்கேலம்மாளின் செவலைச் சேவல், தருமபுரி கோர்ட்டில் முதன்முதலாக "அப்ஜெக்‌ஷன்" என்று கூவியது 1983ஆம் வருஷம், கடலைக்காய் பிடுங்குகிற பருவத்தில். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சஸ்டெய்ண்ட்" என்றார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சேவல் அங்கே போனது களவு வழக்கில். தினமும் வேலி தாண்டிப் போய், பக்கத்துக் காட்டு நஞ்சப்பன் விதைத்த கடலையைக் கிளறித் தின்பது அதன் வழக்கம். அவனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டான். அன்றைக்குத்தானா கிளம்ப வேண்டும்? மிக்கேலம்மாளின் மகள் இசபெல்லாவைக் கட்டிய மருமகன் செபாஸ்டின், மொரப்பூரிலிருந்து முதல் விருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். மசாலா அரைத்தாகிவிட்டது. சேவலைக் காணோம். புது மருமகனுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிய அவமானத்தில், மிக்கேலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போலீசுக்குப் போனாள். சந்தை வாசலிலேயே ஆளும் சாக்கும் அகப்பட்டன. கோர்ட் சேவலை அவளிடமே ஒப்படைத்து ஒரு நிபந்தனை போட்டது: இது கேஸ் ப்ராப்பர்ட்டி, வாய்தாதோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும், கேஸ் முடிகிறவரை விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது.

ஆரம்பத்தில் சேவல் கூடைக்குள் சும்மாதான் கிடந்தது, காதை மட்டும் தீட்டிக்கொண்டு. மிக்கேலம்மாள் கூண்டேறிய அன்றுதான் வினை வந்தது. எதற்காக வளர்த்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்ல முடியுமா? "அறுக்கத்தானுங்க. கேசு முடிஞ்சதும் அதே மருமவனுக்கு அறுத்துப் போடுவனுங்க" என்றாள். கூடைக்குள்ளிருந்து வந்தது அந்த அப்ஜெக்‌ஷன்.

கேஸ் முடிந்தால் கழுத்து போகும் என்று தெரிந்துபோன உயிர் சும்மா இருக்குமா? சாட்சி வந்து நின்றால் "அட்ஜர்ன்மென்ட்" என்று கூவியது. சாட்சி வாயைத் திறந்தால் "ஹியர்சே" என்றது, காதால் கேட்ட பேச்சு செல்லாதாம். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் "கேஸ் ப்ராப்பர்ட்டி" என்றது, அவரும் விசிலை ஊதிவிட்டுப் போனார். விடியற்காலையில் அது "சைலன்ஸ்" என்று கூவ, ஊரில் அழுத பிள்ளைகளெல்லாம் கப்சிப். வருஷங்கள் ஓடின. இசபெல்லாவுக்குப் பிறந்த இரண்டும் விளக்கெண்ணெயைக் கண்டால் "அப்ஜெக்‌ஷன்" என்றன. கன்றுக்குட்டியைக் கட்டினால் ரிமாண்ட், அவிழ்த்தால் பெயில் என்று ஊரே பேசியது. குழாயடியில் பாஞ்சாலி, "நேத்து உங்க வூட்ல மீன் கொழம்புதான?" என்று கேட்டால், "லீடிங் கொஸ்டின் கேக்காதடி" என்று பதில் வந்தது.

ஒரே பஸ்ஸில் போய்வந்து போய்வந்து, நஞ்சப்பனுக்கும் மிக்கேலம்மாளுக்கும் சண்டையே மறந்துபோயிற்று. அவன் வறுத்த கடலை கொண்டுவருவான், அவள் புளிச்சோறு. சேவலுக்கும் ஆளுக்கொரு பிடி வைப்பார்கள். "யக்கா, ராஜியாப் போயிரலாங்க்கா, காடு கெடந்து காயுது" என்றான் நஞ்சப்பன். மனு போட்டார்கள். "அப்ஜெக்‌ஷன்!" மிக்கேலம்மாளுக்குத் தாங்கவில்லை. சேவலை அறுக்கிற எண்ணம் அவளை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. "உன்னைய அறுக்க மாட்டன்டா பாவி, மாதாமேல சத்தியம்" என்று கூடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சேவல் "ஹியர்சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. தன் கையால் அரிசி போட்டு வளர்த்தது தன்னை நம்பவில்லையே என்று அன்றிரவு அவள் சோறு உண்ணவில்லை.

எண்பத்தேழில் தீர்ப்பு வந்துவிட்டது. எதிரி நஞ்சப்பன் திருட நினைத்து எடுக்கவில்லை, அக்விட்டட், அதாவது விடுதலை, சேவல் உரியவளுக்கு. "அப்பீல்!" என்று கூவியது சேவல். குரல் உடைந்திருந்தது. அதற்கு மேல்கோர்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் எழுந்து போனார்.

ஊர் வந்து சேர்ந்தால், சேதி கேள்விப்பட்ட செபாஸ்டின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பாவம், அவனும் எத்தனை வருஷம்தான் காத்திருப்பான்! அரிவாள்மணை வேறு பளபளவென்று கிடக்கிறது. கூடைக்குள் சேவல் நடுங்கிய நடுக்கத்தில் கூடையே தரையில் நகர்ந்தது. மிக்கேலம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் என்னடா வேணும் உனக்கு?"

"சூரிட்டி" என்றது சேவல்.

வாசலில் நின்றிருந்த நஞ்சப்பன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "நான் நிக்கறேன். இது உசுருக்கு நான் ஜாமீனு" என்றான். சேவல் அவனை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. நடுக்கம் நின்றது.

மருமகனுக்கு அன்றும் கத்தரிக்காய்க் குழம்புதான். மறுநாள் விடிந்ததும் சேவல் வேலியேறி "கொக்கரக்கோ" என்று கூவிவிட்டு அந்தப் பக்கம் குதித்தது. முந்தாநாள் மழைக்கு ஊன்றியிருந்த கடலை விதையை ஒவ்வொன்றாகக் கிளற ஆரம்பித்தது. நஞ்சப்பன் பார்த்தான். ஜாமீன் நின்றவன் என்ன செய்ய முடியும்? அது தின்று முடிக்கிறவரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றான்.