ஒற்றைத் துபிக்

பெண் கேட்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் அடுப்பில் செய்ததைத் தங்கள் கையாலேயே கொண்டுபோய்ப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். என் மனைவி பாசிங் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டாள். வேறு எதிலாவது விட்டுக்கொடுத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் ஊர் வடக்கே லவாக். பெண்ணின் அப்பா ஹெர்மோ தெற்கே அல்பாயில் சைடுகார் வண்டி ஓட்டுகிறவர். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். எங்கள் பையன் ரொனெலும் அவருடைய மகள் ஜானிக்காவும் மணிலாவில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். "பெண் கேட்டு வருகிறோம்" என்று நான் போன் செய்தபோது மனிதர் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"வீடு வரைக்கும் வர வேணாம். பாதி வழியில கூபாவ்ல பார்ப்போம். பிடிச்சா மேல பேசுவோம். பிடிக்கலைன்னா அவங்கவங்க பஸ்ஸைப் பிடிச்சுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

கூபாவில் வடக்கு பஸ்ஸும் நிற்கும், தெற்கு பஸ்ஸும் நிற்கும். ஓடுவதற்குத் தோதான இடம். அங்கே இந்த பஃபே கடையை நான்தான் பிடித்தேன். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மேசை, விலையும் கையைக் கடிக்காது. எங்கள் வடக்குப் பக்கத்து இலோகோஸ்காரன் கஞ்சன் என்று நாடே சொல்கிறது. அந்தப் பெயரை அன்றும் நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

பாசிங் முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று துபிக் சுட்டிருந்தாள். பசையரிசி மாவில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பிசைந்து, வாழையிலையில் விரல் நீளத்துக்குச் சுருட்டி, கரி நெருப்பில் சுடுகிற பண்டம். ஒரு பை நிறைய. கடை வாசலில் காவலாளி குச்சியால் அந்தப் பையைத் தட்டினான்.

"வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைம்மா."

"சாப்பாடா? மெதுவாத் தட்டுப்பா, உள்ள குழந்தை இயேசு இருக்காரு."

அவன் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டான். குழந்தை இயேசு சுட்ட வாழையிலை வாசனையோடு உள்ளே போனார்.

ஹெர்மோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அடர்ந்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பிள்ளைகள் இரண்டு பேரும் பரீட்சை எழுத வந்தவர்களைப் போல விறைத்திருந்தார்கள். சரி, முதலில் சாப்பிடலாம் என்று எழுந்தோம்.

நான் நேராக எங்கள் ஊர் மேசைக்குப் போனேன். பினக்பெட் கூட்டில் பூசணிக்காய்! எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தரி, பாகல், வெண்டை போடுகிற இடத்தில் பூசணிக்கு என்ன வேலை? பக்கத்தில் ஹெர்மோ தன் ஊர் மேசையில் நின்று, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையைக் கரண்டியால் கிளறி முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"மிளகாயைக் காட்டிட்டுத் திரும்ப எடுத்துக்கிட்டான் போல" என்றார்.

"எங்க பக்கம் பூசணியப் போட்டு மானத்த வாங்கிட்டான்ணே."

அவர் என் மேசைப் பினக்பெட்டையும் நான் அவர் மேசைச் சேம்பிலையையும் தட்டு நிறைய அள்ளிக்கொண்டோம். அடுத்தவன் ஊர்ச் சாப்பாட்டில் குறை தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. இலோய்லோ மேசையில் சுட்ட கோழி, செபு மேசையில் மொறுமொறுவென்று பன்றித்தோல் என்று சேர்ந்தே சுற்றினோம். ஆனால் மேசைக்குத் திரும்பியதும் மீசை மறுபடி இறுகிவிட்டது.

"சரி, வந்த விஷயத்தச் சொல்லுங்க" என்றார்.

பண்டத்தைக் கொடுக்காமல் எப்படிக் கேட்பது? பையோ காலடியில். மேனேஜர் பெண்மணியோ நாலு மேசைக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தபடி உலாத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இனிப்பு மேசையில ஒரு தட்டு காலியா இருக்கு" என்று பாசிங் என் காதைக் கடித்தாள். "அதுல வெச்சிட்டு அடுத்த நிமிஷம் நாமளே எடுத்துட்டு வந்துட்டா? கடைத் தட்டுல இருந்து எடுத்தா கடைப் பண்டம்தானே, யாரு கேப்பா?"

"மாட்டிக்கிட்டா மானம் போயிடும்டி."

"வெறுங்கையோட கேட்டா மட்டும் இருக்குமா?"

அந்த நேரம் பார்த்து ஊழியர்கள் எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டு ஒரு பிறந்தநாள்காரரைச் சூழ்ந்தார்கள். மேனேஜரும் போனாள். பாசிங் பையோடு எழுந்தாள். நொடியில் துபிக் எல்லாம் தட்டில் அடுக்காக உட்கார்ந்தன.

பஃபே கடையில் புதுத் தட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை, நானும்தான். பாட்டு முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு நர்சிங் கல்லூரியே வந்து இறங்கியது. "ஐ, துபிக்! வாசனையப் பாருடி!" பாசிங் இடுக்கியைக் கையில் எடுப்பதற்குள் இரண்டு முழங்கை அவளைத் தள்ளிவிட்டன. கூட்டம் விலகியபோது தட்டில் ஒன்றே ஒன்று கிடந்தது.

கடைசி ஒன்றை எங்கள் நாட்டில் எவனும் தொட மாட்டான். தொட்டால் வெட்கம் கெட்டவன். வந்தவர்கள் எல்லாரும் அதை ஆசையோடு பார்த்தார்கள், பக்கத்துப் புட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். செய்தவளே அதற்கு முன்னால் இடுக்கியோடு நின்றாள். அவளாலும் எடுக்க முடியவில்லை. நானும் போய் நின்றேன். எங்களைக் காணோமே என்று ஹெர்மோவும் வந்துவிட்டார்.

"எடுத்துக்கங்கண்ணே" என்றேன்.

"சேச்சே, நீங்க எடுங்க."

"ஐயோ, நீங்க பெரியவங்க."

"எனக்கு வயிறு ரொம்பிடுச்சு" என்றார். கண் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை.

இப்படியே விட்டிருந்தால் கடையைப் பூட்டும் வரை நின்றிருப்போம். பாசிங்குக்குப் பொறுக்கவில்லை. இடுக்கியை வைத்துவிட்டு, வெறுங்கையால் துபிக்கை எடுத்தாள். பக்கத்தில் மேனேஜர் வந்து நின்றதை அவள் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கடை முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"அண்ணே, இது கடைப் பண்டம் இல்ல. என் கையால செஞ்சது. உங்க பொண்ணக் கேக்கறதுக்காக ராத்திரி பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்தேன். ஒளிச்சு எடுத்துட்டு வந்து, இங்க பறிகொடுத்துட்டேன். மிச்சம் இது ஒண்ணுதான். கடைசின்னு பாக்காதீங்க, நான் குடுக்கறேன், வாங்கிக்கங்க. ஜானிக்காவ எங்களுக்குக் குடுங்க."

நர்ஸ் பிள்ளைகளின் வாயெல்லாம் நின்றுவிட்டது. ரொனெல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அன்றைக்கு அவள்மேல் வந்த ஆசை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஹெர்மோ இரண்டு கையாலும் வாங்கினார். இலையைப் பிரித்து, நின்றபடியே, அவசரமில்லாமல் முழுவதையும் தின்றார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவ அம்மா போனப்ப அவளுக்கு ஆறு வயசு. எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லிக் குடுத்தேன். ஸ்பானர் பிடிப்பா, டயர் மாத்துவா. அடுப்புப் பக்கம் நிக்க வெச்சா முழிப்பா. உங்க சொந்தக்காரங்க நாலு பேர் முன்னால அவளப் பாத்துச் சிரிச்சிருவீங்களோன்னுதான் எனக்குத் தூக்கமே இல்ல."

இவ்வளவுதானா அந்த மீசைக்குப் பின்னால் இருந்தது!

"எங்க வீட்டுல சுடறதுக்கு நான் இருக்கேண்ணே" என்றாள் பாசிங். "திங்கறதுக்குத்தான் ஆளில்ல. பையன் மணிலாவுல, இவருக்குச் சர்க்கரை. அவ வந்து உக்காந்து சாப்பிட்டாப் போதும். சிரிக்கிறவன் எவனாயிருந்தாலும் அவனுக்கு என் வீட்டுல இலை கிடையாது."

மேனேஜர் தொண்டையைச் செருமினாள். நான் பர்ஸைத் தேடினேன். அவளோ, "அம்மா, அந்தப் பிள்ளைங்க இன்னும் வேணும்னு கேக்கறாங்க. இன்னும் இருக்கா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஹெர்மோ பிரித்த இலையை நான்காக மடித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். ஜானிக்கா எழுந்து நின்றிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"கல்யாணம் டிசம்பர்ல வேணாம்மா" என்றார் பாசிங்கிடம். "எங்க பக்கம் புயல் அடிக்கும், நீங்க வந்து சேர முடியாது. மே மாசம் வெச்சுக்குவோம்."