பால்வெள்ளை

தங்கச் சுரங்கத்து கிளப் மைதானத்தில் நடக்கும் நாய்க் கண்காட்சியில் அந்த வருஷம்தான் முதல்முறையாக நாட்டு நாய்களுக்கு ஒரு பிரிவு வைத்தார்கள். அதுவரை அங்கே அல்சேஷனும் லாப்ரடாரும், ஆபீசர் பங்களாக்களின் சடை நாய்களும்தான் போய்வந்தன. சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து தம்மபாலன் தன் ராஜபாளையம் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனான். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. நாயின் பெயர் சிப்பாய்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த நடுவர் சிப்பாயின் தாடையைத் திறந்து பார்த்தார், நெஞ்சைத் தடவினார், மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டார். “பால்வெள்ளை. மூக்கு பாருங்க, ரோஜா நிறம். உடம்புல ஒரு மச்சம் கிடையாது” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கோப்பையைத் தம்மபாலன் கையில் கொடுத்தார். அன்றைக்கு லைனே திரண்டு வந்து வாசலில் நின்றது. அவன் பெண்டாட்டி தாயம்மா எல்லாருக்கும் காப்பி போட்டு மாளவில்லை.

சிப்பாயைக் குட்டியில் கூடையில் வைத்து ரயிலேற்றிக் கொண்டுவந்ததிலிருந்து அவன்தான் வளர்த்தான். அதட்டிப் பழக்கினால் நாய் கூனிப்போகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு கையாலேயே பழக்கினான். இரண்டு விரலைத் தூக்கினால் உட்காரும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். அவன் எழுந்து உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அதன் கண் அவன் மேலேயே இருக்கும். சுரங்கத்தில் பாறை வெடித்துப் பூமி அதிரும்போதெல்லாம் லைனில் முதலில் எழுந்து நின்று குரைப்பது சிப்பாய்தான். “இன்னா காது பாத்தியா இதுக்கு!” என்று தம்மபாலன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த சகாயம் அவனுக்கு நெருங்கிய சினேகிதன். நந்திதுர்க் பக்கம் வீடு. அவனிடம் மல்லி என்று ஒரு ராஜபாளையம் பெட்டை, அதுவும் வெள்ளை. கோப்பை வந்த கையோடு இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஈத்துக் குட்டி போட்டது மல்லி. காதில் செம்பட்டை விழுந்த குட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை, சகாயம் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வெள்ளைக் குட்டிகளை நான் நீ என்று வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு குட்டி மைசூர் மைன்ஸ் லைனுக்குப் போனது. அங்கே மரியகுழந்தை என்று ஒரு விதவை. புருஷன் சுரங்க ஷாஃப்டில் செத்தபின் தனியாக இருந்தாள். வீட்டுக்கு ஒரு காவல் வேண்டுமென்று கேட்டு வாங்கினாள்.

சில மாசம் கழித்து சகாயம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். “இன்னாபா, உன் சிப்பாய் குட்டிங்க ரொம்ப திமிரு புடிச்சதுங்களா கீது. கூப்டா திரும்பிகூட பாக்கலயாம்.”

“ஜாதி நாய் அப்டித்தான். கூப்டதும் வாலாட்டிகினு வர்றதுக்கு அது இன்னா தெருநாயா?” என்றான் தம்மபாலன். சொல்லிவிட்டுச் சிரித்தான். சகாயமும் சிரித்தான்.

விபத்து நடந்தது கோடை ஆரம்பத்தில். மரியகுழந்தையின் நாய் ஓயாமல் லாரி போய்வந்து அதிரும் ரோட்டு வளைவில் வெயிலில் படுத்திருந்தது. மேட்டிலிருந்து விறகு டிப்போ லாரி இறங்கி வந்தது. ஓட்டி வந்தவன் பர்னபாஸ். நாயைப் பார்த்து ஹாரன் அடித்தான். அது அசையவில்லை. மறுபடி அடித்தான். மரியகுழந்தை வீட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்து நாயைத் தூக்கக் குனிந்தாள். பர்னபாஸ் ஸ்டியரிங்கை ஒடித்தான். நாய் சக்கரத்தில் போயிற்று. லாரியின் பக்கப் பலகை பட்டு அவள் தூக்கி எறியப்பட்டாள். தொடை எலும்பு முறிந்தது.

“ஹாரன் அடிச்சேங்க, சத்தியமா அடிச்சேங்க” என்று அவன் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. எந்த நாய் ஹாரன் சத்தம் கேட்டுப் படுத்துக்கிடக்கும்? பர்னபாஸ் ஒரு காலத்தில் பெரிய குடிகாரன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மாதா கோயிலில் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தியவன். நிறுத்தி எத்தனை வருஷமானால் என்ன, ஊர் மறந்துவிடுமா? குடித்துவிட்டு ஓட்டினான் என்று சட்டையைக் கிழித்து அடித்தார்கள். டிப்போ முதலாளி லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் சகாயம்தான் ஒர்க்‌ஷாப்பில் வந்து சொன்னான். தம்மபாலன் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு, குட்டிகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று முன்பு இவன் சொன்னதை நினைத்துப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சிப்பாய் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பின்னால் போனான். “சிப்பாய்” என்றான். அசைவில்லை. உரக்கக் கூப்பிட்டான். பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினான். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. நாய் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு எதேச்சையாகத் திரும்பியது, அவனைக் கண்டதும் துள்ளி எழுந்து மேலே விழுந்தது.

தாயம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நான் சோறு வைக்கறப்போ தரைய காலால தட்டித்தான் அத எழுப்புவேன். அதிர்வு தெரிஞ்சா எழுந்துரும். நீங்க ஒருநாளும் கவனிக்கல. அந்தக் கோப்பைய தொடச்சி வைக்கறப்போ உங்க மொகத்த பாப்பேன். சொல்ல மனசு வரல.”

மறுநாள் அரைநாள் லீவு போட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் சிப்பாயைக் கூட்டிப்போனான். அவர் நாயின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “இந்த ஜாதியில இது இருக்குப்பா. நாம ஆசைப்படற இந்த சுத்த வெள்ளையும் ரோஸ் மூக்கும் இருக்கே, அதோட சேர்ந்தேதான் இதுவும் வருது. நல்ல நாய்தான், வளர்த்துக்கோ. ஆனா இனிமே சேர்க்காதே. வெள்ளையும் வெள்ளையும் சேர்த்தா குட்டிங்களுக்கும் இறங்கும்” என்றார்.

திரும்பும் வழியிலேயே சகாயம் வீட்டுக்குப் போனான். மல்லி மறுபடி சினையாக இருந்தது. வயிறு தரையைத் தொடக் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சகாயம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“இத யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத. குட்டி வாங்கினவன் எல்லாம் என் வூட்டு வாசல்ல வந்து நிப்பான். செவிட்டு நாய தலைல கட்டினான்னு சொல்லுவான். இந்த ஈத்துக்கு எத்தினி பேரு கேட்டு வெச்சிகீறாங்க தெரியுமா?”

“பர்னபாஸ் இன்னா பாவம் பண்ணான் சகாயம்?”

“அவன் குடிகாரன்பா. இன்னிக்கி இல்லனா நாளைக்கி எங்கனா மோதித்தான் இருப்பான்.”

“அன்னிக்கி குடிக்கலயே.”

சகாயம் போய்க் கதவைத் திறந்துவிட்டான். அந்த வருஷக் கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சிப்பாயின் பெயரும் கொடுத்தாகிவிட்டது. தம்மபாலன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை புத்த சங்கத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து பஞ்சசீலம் சொன்னான். பொய் பேசுவதிலிருந்து விலகியிருப்பேன் என்னும் இடத்தில் அவன் வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. நான் எங்கே பொய் பேசினேன், பேசாமல்தானே இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அதுவும் ஒட்டவில்லை.

அங்கிருந்து நேராக பர்னபாஸ் வீட்டுக்கு நடந்தான். காலை வெயில் ஏறவில்லை, அதற்குள்ளேயே வாசலில் சாராய வாடை அடித்தது. பர்னபாஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். உதட்டில் அடிபட்ட காயம் காய்ந்து கறுத்திருந்தது.

“வாங்கண்ணே” என்று எழப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தான். “நீங்க நாய் வளக்கறவரு. நீங்களே சொல்லுங்க. ஹாரன் அடிச்சா எழுந்திரிக்காத நாய் எங்கனா உண்டா? எல்லாரும் கேக்கறாங்க. நானும் யோசிச்சு யோசிச்சு பாக்கறேன். கை ஹாரன் மேல இருந்த மாதிரிதான் ஞாபகம். இப்ப சந்தேகமா கீதுண்ணே. ஒருவேள அடிச்சதா நானே நெனச்சிகினேனோ?”

தம்மபாலன் அவன் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். “நீ அடிச்சடா. அடிச்சதான். அது செவிடு. அதோட அப்பனும் செவிடு” என்றான். பர்னபாஸ் புரியாமல் விழித்தான். “எழுந்து மூஞ்சி கழுவு. டிப்போவுக்குப் போலாம்.”

வீட்டுக்குப் போய் சிப்பாயையும் கூட்டிக்கொண்டு தம்மபாலன் பர்னபாஸோடு டிப்போவுக்கு வந்தபோது விறகு எடை போடும் இடத்தில் கூட்டமாக இருந்தது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்தார். “கப்பு வாங்கின நாய் செவிடா? யாருகிட்ட கத வுடற?”

“லாரிய எடுக்கச் சொல்லுங்க.”

லாரியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார்கள். என்ஜினைப் போட்டால் தரை அதிரும், போட வேண்டாம் என்றான். சிப்பாயை லாரிக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, தான் எதிரில் நின்று உள்ளங்கையைக் காட்டினான். நாய் நின்றது. மைதானத்தில் நடுவர் முன்னால் நின்ற அதே நிமிர்வு, அதே நெஞ்சு. பர்னபாஸ் வண்டியில் ஏறிக் கையை வைத்து அழுத்தினான். ஹாரன் அலறியது. கிடங்கிலிருந்த புறாக்களெல்லாம் பறந்தன, விறகு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். சிப்பாய் தம்மபாலன் முகத்தையே பார்த்து மெதுவாக வாலை ஆட்டியது. இன்னும் ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“போதும், நிறுத்து” என்றான் தம்மபாலன். பர்னபாஸ் கையை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே அழுதான். யாரோ ஏறிப்போய்க் கையைப் பிடித்து எடுத்தார்கள்.

முதலாளி சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. “இது செவிடுன்னா அதுவும் செவிடுன்னு எப்டி சொல்றது?” என்று இழுத்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மரியகுழந்தையைப் போய்க் கேட்டார்கள். காலில் கட்டோடு அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: “நான் கூப்டா வராது தம்பி. கோவமா கீதுன்னு நெனச்சிகினு தெனம் கொஞ்சிகினு இருந்தேன். கேக்கவேயில்லயா அதுக்கு? நான் பேசினது ஒண்ணுகூடவா?” தம்மபாலனால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டான்.

பர்னபாஸுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. அடித்தவர்களில் இரண்டொருவர் வந்து மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் சத்தியம் உடைந்தது உடைந்ததுதான். பகலில் ஒழுங்காக வண்டி ஓட்டினான். பொழுது சாய்ந்தால் கடைப்பக்கம் போனான். அவன் பெண்டாட்டி தம்மபாலனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம் என்று தாயம்மாவிடம் ஒருதரம் சொன்னாளாம்.

சகாயம் பேச்சை நிறுத்திவிட்டான். ஒர்க்‌ஷாப்பில் வேறு பெஞ்சுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போனான். மல்லி ஈன்ற குட்டிகளை என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. தம்மபாலன் கேட்டனுப்பினான். அது உன் வேலையில்லை என்று பதில் வந்தது.

அதைவிடக் கஷ்டம் வேறு வந்தது. செய்தி பரவியதும் போன ஈத்து நாய்களை வைத்திருந்தவர்களெல்லாம் வீட்டில் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். காது கேட்டவை பிழைத்தன. கேட்காதவற்றை, நன்றாக வளர்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தவற்றை, கொண்டுபோய், தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சைனைடு மேட்டுப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். ஜாதி நாய் என்று தோளில் தூக்கிப்போன அதே ஆட்கள். நான் வாயைத் திறந்ததால்தானே என்று தம்மபாலனுக்குச் சோறு இறங்கவில்லை.

“சொன்னது தப்பில்ல. அதுக்காக குந்திகினே இருந்தா ஆச்சா? போய் கூட்டிகினு வாங்க” என்றாள் தாயம்மா.

கண்காட்சி நடந்த அன்று கிளப் மைதானத்தில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். தம்மபாலன் சைனைடு மேட்டின் சரிவில் ஏறிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறப் பொடியில் கால் புதைந்தது. ஒரு பெட்டை அங்கே இருக்கிறதென்று விறகு பொறுக்கும் பெண்கள் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டான். விலா எலும்பு தெரிய, சிப்பாயின் அதே முகவெட்டோடு, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பின்னால் போய்த் தொட்டால் பயந்து கடிக்கும். அவன் சுற்றிக்கொண்டு போய், அதன் பார்வை விழும் இடத்தில், கொஞ்சம் தள்ளி, பொடியிலேயே உட்கார்ந்தான். நாய் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. அவன் மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் அதற்குத் தெரியும்படி விரித்துக் காட்டிக்கொண்டு அங்கேயே இருந்தான். நாய் ஒரு அடி முன்னால் வந்தது. நின்றது. மறுபடி பின்னால் போனது. அவன் எழுந்திருக்கவில்லை.