ரெஜிலா வாசித்துச் சொன்னது

இனயம் என்ற கடற்கரை ஊரில் ரெஜிலாவின் தெருவில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். புதுக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பஸ்சுக்குக் கிளம்பியவளிடம் பக்கத்து வீட்டு லீமா போனை நீட்டினாள். லீமாவின் கணவன் சிலுவைமுத்து ஓமானில் வேலை பார்த்த மீன்பிடிப் படகு இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை. முதலாளியின் ஆபீசிலிருந்து இப்போதுதான் செய்தி வந்திருந்தது.

படகு கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் ரெஸ்க்யூட், சிலுவைமுத்து ரெக்கவர்டு. அவ்வளவுதான். ரெஸ்க்யூ என்றால் காப்பாற்றுவது. ரெக்கவர் என்றால் நோய் தீர்ந்து தேறுவது. போன வாரம்கூடப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதிப் போட்டிருந்தாள்.

“ரெண்டு பேரக் காப்பாத்திட்டாவ. அண்ணனுக்குச் சொகமாயிட்டு அக்கா.”

லீமா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்த மகள் பிரிஜாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றாள்.

மத்தியானம் ஜேசுதாஸ் ஓமானிலிருந்து பேசினான். பிழைத்த இருவரில் அவன் ஒருவன். சிலுவைமுத்துவின் உடல் அன்று விடியற்காலையில்தான் கிடைத்தது என்றான். காலையிலேயே தகவல் அனுப்பினார்களே என்றும் கேட்டான்.

ரெஜிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்தது. அகராதியைப் புரட்டினாள். காணாமல் போனதைத் திரும்ப எடுப்பதும் ரெக்கவர்தான். உயிரோடு மீட்டால் ஒரு சொல், உடலை எடுத்தால் வேறு சொல். சாயங்காலம் லீமா வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே அழுகை கேட்டது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

நான்கு நாள் கழித்து லீமாவே வந்தாள். ஓமானிலிருந்து இன்னொரு செய்தி. ரெஜிலா மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

“இதையாவது சரியா வாசி மக்கா.”

ரெஜிலா ஒவ்வொரு சொல்லாக அகராதியில் பார்த்தாள். வியாழக்கிழமை உடல் ரிலீஸ் செய்யப்படும் என்றிருந்தது.

“வியாழக்கிழம ஆஸ்பத்திரியில இருந்து விட்டுக் குடுப்பாவ. ஊருக்கு அனுப்புவாவன்னு இதுல இல்லக்கா.”

“அப்பம் எப்ப வரும்?”

அது எழுதியிருக்கவில்லை என்றாள் ரெஜிலா.

உடல் ஊர் வந்து சேர அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஆயிற்று. அடக்கத்தன்று ரெஜிலா கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றாள். பிரிஜா அவளைப் பார்த்தாள். கடந்து போனாள்.